பாடகர் இல்லாத பாட்டு

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பெரியோர் வாக்கு. வகுப்பிலே பலமுறை எடுத்துரைத்த இவ்வாக்கை வீட்டிலே நான் மறந்த கதையை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலம். பிள்ளைகள் கைத்தொலைபேசி மூலம் பாடங் கேட்டு வந்தனர். எங்கள் வீட்டிலோ ஒரே கூடத்தில் இரு பிள்ளைகளுக்கும் ஒரே வேளையில் வகுப்பு. ஆதலின் மூத்தவளுக்கு ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் வகுப்பு நடக்கும் நேரத்தில் அவள் அதனை மாட்டியபடி சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கக் கண்டேன்.

"அப்பா, ரீச்சரின்ரை குரல் கேட்கேல்லை. பாட்டைப் போட்டுப் பாத்தனான். வாத்தியம் கேட்குது, பாடுறவரைக் காணேல்லை" என்றாள்.

"பாட்டுக் கேட்கிற காதுக்குப் பாடம் மட்டும் கேட்கேல்லையோ?" என்று கடிந்துகொண்டேன். பிள்ளை மறுமொழி பேசாது எழுந்து போனாள்.

இரவு எல்லாரும் உறங்கிய பின் அக்கருவியை என் காதிலே மாட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. வாத்தியங்கள் கிணற்றுக்குள் ஒலிப்பனபோற் கேட்டன. பாடுபவர் குரலோ அறவே இல்லை. செருகியைக் கழற்றியதும் தொலைபேசியிலிருந்து அக்குரல் தெளிவாக எழுந்தது.

இது மாயமன்று, செப்பு இழை ஒன்றின் குற்றம். பிளக் எனப்படும் செருகியை உற்று நோக்குங்கள். இரு கறுப்புக் கோடுகள் அதனை மூன்று பகுதிகளாகப் பிரிக்கும். நுனி இடக்காதுக்கு, நடுவளையம் வலக்காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான மீள்வழி. இப்பொதுவழி அறுந்தால், மின்னோட்டம் ஒரு காதிற் புகுந்து மறுகாதின் வழியே திரும்பவேண்டியதாகிறது. அப்போது இரு பக்கங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மட்டுமே ஒலியாகும். பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கங்களிலும் ஒரே அளவாகப் பதிவாவது. ஆதலின் ஒன்றையொன்று அழித்துவிடும். பாடஞ் சொல்லும் ஆசிரியையின் குரலும் அத்தகையதே. பக்கத்துக்குப் பக்கம் வேறுபடப் பதிவான வாத்தியங்களே எஞ்சும்.

மல்டிமீட்டர் கொண்டு அளந்தேன். எமது கருவியின் ஒவ்வொரு பக்கமும் 32 ஓம் தடையுடையது. நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே தொடர்பே இல்லை. நுனிக்கும் நடுவளையத்துக்கும் இடையே ஏறக்குறைய 64 ஓம். ஆகவே இரு காதுகளும் நலம்; அறுந்தது பொதுவழி. செருகியின் கழுத்தருகே வடத்தை மடித்தபோது குரல் ஒரு கணம் தோன்றி மறைந்தது.

குற்றம் இருக்குமிடம் தெரிந்த பின்னரே கத்தியை எடுத்தேன். கழுத்திலிருந்து ஓரங்குலம் தள்ளி வடத்தை நறுக்கினேன். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறங்களில் மயிர்போன்ற இழைகள்; வலுவுக்காக இடையே நூலும் இருந்தது. அந்நிறங்கள் வெறும் அலங்காரமல்ல. மின்னைக் காக்கும் மெருகுப் பூச்சு. அது போகாமல் ஈயம் ஒட்டாது. சூட்டுக்கோலின் நுனியில் உருகிய ஈயத்துளி ஒன்றை ஏந்தி, அதனுள் இழையின் முனையைச் சில விநாடி தோய்த்தாற் பூச்சு எரிந்து, இழை வெள்ளிபோல மின்னும். அப்புகையை முகராதிருக்கச் சாளரத்தைத் திறந்து வையுங்கள். சிவப்பு வலம், பச்சை இடம், செம்புநிறம் பொதுவழி என்பது பெருவழக்கு. ஆயினும் நிறத்தை நம்பாது அளந்தறிதலே முறை.

மூன்று தொடுப்புகளையும் பற்றவைத்துப் பெருமிதத்தோடு நிமிர்ந்தேன். செருகியின் மேலுறை மேசையிலே கிடந்தது! அதனை முதலிலேயே வடத்திற் கோத்திருக்க வேண்டும். அனைத்தையும் அவிழ்த்து மறுபடி தொடங்கினேன். புதிதாய்ப் பழகுவோர் இதனை மனத்திற் கொள்க.

சில மாதங்களின் பின் வடம் முழுவதையுமே மாற்றினேன். ஒவ்வொரு காதுக்குள்ளும் இரு முனைகள் உண்டு; பழைய இழைகளைக் கழற்றுமுன் எது எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் முனைகள் இடம்மாறினால் இரு காதுகளிலும் ஒலி வரும். ஆனால் தாழ்ந்த நாதம் மெலிந்து, பாடகர் நிற்கும் திசை தெரியாமற் போகும். விலையுயர்ந்த வடம் ஒலியை இனிதாக்கும் என்று சொல்வாருமுளர். சாதாரண வடத்தின் தடையே ஓர் ஓம் அளவினது அல்லது அதிலும் குறைந்தது. 32 ஓம் கருவிக்கு அது பெரிதன்று. உறுதியும் நெகிழ்வும் உள்ள வடமே போதும்.

அவையெல்லாம் பிந்திய கதை. புதுச் செருகி பொருத்திய அன்று காலையில் ஹெட்போனை மகளின் கையிலே கொடுத்து, "என்ரை பிழை, பிள்ளை. நீ சொன்னது உண்மைதான்" என்றேன். மாட்டிப் பார்த்தவள் முகம் மலர்ந்தாள்.

"பாடுறவர் திரும்பி வந்திட்டார், அப்பா!"

அறுந்த இழையை ஒட்ட ஈயத்துளி ஒன்று போதியதாயிற்று. விசாரியாமற் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவோ ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது. பெற்றோரே, உங்கள் பிள்ளை நம்பமுடியாத ஒன்றைச் சொன்னால், கடியுமுன் அதனை உங்கள் காதிலும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.