அறுபதைத் தாண்டியவர்கள் ஒரே கூட்டம் அல்ல

வருமான வரித் துறைக்கு ஒருவர் 60 வயதில் மூத்த குடிமகன். 80 வயதில் மிக மூத்த குடிமகன். ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்திய கட்டணச் சலுகை, பெண்களுக்கு 58 வயதிலேயே தொடங்கியது. வருமான வரம்பில்லாத ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுக்கு 70 வயதாகியிருக்க வேண்டும். நோக்கத்துக்கேற்ப அரசு வெவ்வேறு எல்லைகளை வகுப்பதில் தவறில்லை. பொருள் விற்கும் நிறுவனங்களோ அறுபதைத் தாண்டிய எல்லோரையும் ஒரே கூட்டமாகத்தான் பார்க்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நாட்டில் இவர்கள் பத்துக் கோடிக்கும் அதிகம். தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர். 62 வயதில் கடை நடத்துபவரின் தேவை வேறு, 85 வயதில் துணையின்றி நடக்க முடியாதவரின் தேவை வேறு. விளம்பரங்களில் இருவருக்கும் கிடைப்பது மூட்டுவலித் தைலமும் ஓய்வூதியத் திட்டமும்தான். பார்வை, செவித்திறன், நடமாட்டம், கையிருப்பு, உடன் யார் இருக்கிறார்கள் என்பவைதான் ஒரு முதியவரின் தேவையைத் தீர்மானிக்கின்றன. பிறந்த ஆண்டு மட்டுமல்ல.

இந்த அலட்சியம் பொருள்களிலேயே தெரிகிறது. அதிக மருந்து வாங்குபவர்கள் முதியவர்கள். ஆனால், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பளபளக்கும் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகிறது. நான்கு மாத்திரையை வெட்டித் தரும்போது அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது.

ஆனால், சேமிப்பு இருக்கும் இடத்தில் இதே சந்தை முதியவரை நுணுக்கமாகக் கவனிக்கிறது. வைப்புத்தொகை முதிரும் நாள் வங்கிக்குத் தெரியும். அதைப் புதுப்பிக்க வருபவரிடம், “இதைவிட நல்ல ஸ்கீம் இருக்கிறது, சார்” என்று படிவம் நீட்டப்படுகிறது. அது ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டு பாலிசி என்பது அடுத்த ஆண்டு நினைவூட்டல் வரும்போதுதான் பலருக்கும் புரிகிறது. பாலிசியைத் திருப்பித்தர அளிக்கப்படும் 30 நாள் அவகாசம் அதற்குள் கடந்துவிடும்.

விதி மாறினால் சந்தையும் மாறும். புதிதாக மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கு இருந்த 65 வயது வரம்பை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் நீக்கியது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் தன்னிச்சையாக உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் கட்டுப்படுத்தியது. அதே உறுதி விற்பனை மேசைக்கும் வர வேண்டும்.

மூத்த குடிமக்களுக்கு நீண்டகாலத் திட்டம் விற்கும்போது, கட்ட வேண்டிய ஆண்டுகளையும் இடையில் நிறுத்தினால் ஏற்படும் இழப்பையும் பெரிய எழுத்தில், தமிழில், ஒரே பக்கத்தில் தர வேண்டும். அதை வீட்டில் படித்துப் பார்க்க ஒரு வார இடைவெளி விட்ட பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தவறாக விற்றது நிரூபணமானால் முழுத் தொகையும் வட்டியுடன் திரும்ப வேண்டும். வங்கி ஊழியர்களுக்கு விதிக்கப்படும் காப்பீட்டு விற்பனை இலக்குகள் நீங்க வேண்டும். தவறான விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. மூட்டுவலியை முற்றிலும் போக்குவதாகச் சொல்பவர்கள் மீது அந்த அதிகாரம் பாய வேண்டும்.

முதியவர்களால் சுயமாக முடிவெடுக்க முடியாது என்பதல்ல இதன் பொருள். உண்மை முழுதும் சொல்லப்பட்டால்தான் முடிவு அவர்களுடையதாகும். வாழ்நாள் சேமிப்போடு வருபவரிடம் அந்த உண்மையை மறைப்பது வியாபாரத் திறமை அல்ல, மோசடி. ஒழுங்குமுறை அமைப்புகள் அதை மோசடியாகவே நடத்த வேண்டும்.