தோற்ற பக்கத்தையும் சேர்த்துக் கற்பிப்போம்

கடந்த தவணையில் விவசாய விஞ்ஞான பாடத்தின்போது எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். "விவசாயத்திலும் உணவுப் பாதுகாப்பிலும் எங்கள் நாடு பிற நாடுகளுக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியது என்ன?" வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "டீ போடுறது, டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் வாப்பா அம்பாறை மாவட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்பவர். நெல் மூடைகளுக்கிடையில் வளர்ந்த எனக்கே பதில் தெரியாதது வெட்கமாக இருந்தது.

தேடிப் பார்த்தபோதுதான் நாம் எப்போதும் கையேந்தி நிற்பவர்கள் அல்லர் என்பது புரிந்தது. குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடவில் உருவான பீஜீ 90-2 என்ற நெல்லினம் மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில், நைஜர் ஆற்றுப் பாசன வயல்களில் விளைந்திருக்கிறது. எங்கள் உலர் வலயத்தின் தொடர்குள முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2017இல் உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மேல் குளத்து நீர் வயலில் பாய்ந்து, வடிந்து, கீழ்க் குளத்தில் சேர்ந்து மீண்டும் பயன்படும். நீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் 'பெத்ம' என்ற வழக்கமும் அங்கே உண்டு. வரட்சி கூடிவரும் இன்றைய உலகுக்கு இது சிறிய பாடமல்ல.

இவற்றைவிட என் மனதைத் தொட்டது இன்னொன்று. ஒரு காலத்தில் எங்கள் நாடு தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது. கிராமத்து வீடுகளின் மூலையில் கிடந்த கடும் நச்சுப் பீடைகொல்லிகளே அந்த மரணங்களில் பலவற்றுக்குக் காரணமாயின. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் செயற்பட்ட பீடைகொல்லிகள் பதிவாளர் அலுவலகம் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தியது. 1995இல் மிகக் கொடிய சில வகைகள், 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை பரகுவாட் உட்பட மூன்று வகைகள். 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நெல் விளைச்சலோ அதனால் குறையவில்லை. இன்று இந்த அனுபவத்தை உலக சுகாதார ஸ்தாபனமே மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டுகிறது.

இவ்வளவையும் படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் 2021ஐ நினைத்ததும் அந்தப் பெருமை பாதியில் நின்றுவிட்டது.

அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. நாடு முழுவதும் உடனே சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்றார்கள். ஒக்டோபர் இறுதியில், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டை ஒட்டிய கூட்டமொன்றில் எங்கள் நாடு அந்தக் கொள்கையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. அதே நாட்களில் எங்கள் ஊரில் பெரும்போக விதைப்பு. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனாலும் பசளை வயலுக்கு வந்து சேரவில்லை. மார்கழியில் எங்கள் வயல் மஞ்சளாக நின்றது. ஏக்கருக்கு முப்பது மூடை கண்ட நிலத்தில் அந்தப் போகம் பதினைந்து மூடைதான். ஸகாத்துக்கு ஒதுக்கிய நெல்லும் பாதியாயிற்று. வாசலுக்கு வந்து நின்றவர்களின் தொகை மட்டும் கூடியிருந்தது. உம்மா முன்பு கொடுத்ததில் பாதியை அளந்து கொடுத்தபோது அவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் வயலில் இன்னும் விளையாத ஒன்றை நாம் வெளிநாட்டு மேடையில் பாடமாகச் சொல்லியிருந்தோம் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நான் சேதனப் பசளைக்கு எதிரானவள் அல்ல. வைக்கோலையும் சாணத்தையும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது நல்லது என்று வாப்பாவும் சொல்வார். ஆனால் பீடைகொல்லித் தடையும் பசளைத் தடையும் இரண்டுமே மக்களின் ஆரோக்கியத்தின் பெயரால் வந்தவைதானே? ஒன்று உயிர்களைக் காத்தது, மற்றது ஏன் வயல்களை வாட்டியது? முதலாவது பல ஆண்டுகளாக, மாற்று வழி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு படியாக வந்தது. இரண்டாவது மாற்றுப் பசளை போதிய அளவு கையில் இல்லாமலே, விதைப்பவனிடம் கேட்காமலே, ஒரு வர்த்தமானியில் வந்தது. என்னைக் கேட்டால், எங்கள் நாடு உலகுக்குக் கற்பிக்கவேண்டிய மிகப்பெரிய பாடம் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான்.

"சொந்த வீட்டுக் குறையை ஊருக்குச் சொல்வதா, நாட்டுக்கு அவமானமல்லவா?" என்று சில பெற்றோர் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நாளை இன்னொரு வறிய நாடு எங்களைப்போலவே ஒரே இரவில் மாற நினைத்தால், அங்கேயும் ஒரு வாப்பா மஞ்சள் வயலின் வரம்பில் நிற்பார். அவரைக் காப்பாற்றக்கூடியது எங்கள் வெற்றிக் கதை அல்ல, நாங்கள் பட்ட பாடு. அனுபவம் பகிர வெளிநாடு போகும் எங்கள் நிபுணர்கள் குளத்தின் படத்தோடு 2021இன் கணக்கையும் கொண்டு போகட்டும். முடிந்தால் ஒரு விவசாயியையும் கூடவே அழைத்துப் போகட்டும். பசளை இல்லாத பயிர் எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாக யார் சொல்வார்?

தோழியரே, நாமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வயல் செய்யும் வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் இங்கே படிக்கிறோம். அடுத்த விடுமுறையில் உங்கள் வாப்பாவிடமோ, மாமாவிடமோ, அயல்வீட்டாரிடமோ அந்தப் போகத்தைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். என்ன விதைத்தார்கள், என்ன இட்டார்கள், எத்தனை மூடை கண்டார்கள் என்று எழுதினாலே போதும். இன்று எழுதாவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் அது மறந்துவிடும்.

என் வாப்பாவிடம் எண்ணெய்க் கறை படிந்த ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு பக்கம். இந்தக் கட்டுரைக்காக அதைப் புரட்டியபோது அந்தப் பெரும்போகத்தின் பக்கம் மட்டும் பாதியாக மடிக்கப்பட்டிருந்தது. "பார்க்கக் கவலையா இருந்தா கிழிச்சிருக்கலாமே வாப்பா" என்றேன்.

"கிழிச்சா அடுத்த முறை எதப் பாத்து வெள்ளாம செய்யிற மகள்?" என்றார்.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் அதுதான்.