ஒரு கோடுதானே விழுந்திருக்கு... அமுச்சி வீட்டுக்குப் போகலாமா?

வெள்ளிக்கிழமை இரவு. கோவையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறாள். மத்தியானத்திலிருந்து தொண்டை கரகரப்பு. உடம்பு லேசாகச் சுடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அமுச்சி ஊரில் நோம்பி. சொந்தபந்தம் எல்லாம் கூடும். அங்கே அப்பிச்சிக்கு 78 வயது. சர்க்கரை இருக்கிறது, வீசிங்கும் இருக்கிறது.

"எதுக்கும் டெஸ்ட் பண்ணிப் பாத்துரு கண்ணு" என்கிறார் அம்மா. மெடிக்கல் ஷாப்பில் கொரோனா கிட் வாங்கி வந்து, மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி, சொட்டு விட்டுக் காத்திருக்கிறாள். கால் மணி நேரத்தில் 'சி' என்ற எழுத்துக்கு நேராக ஒரு கோடு. 'டி' பக்கம் காலி.

"நெகட்டிவ்தானுங்கம்மா. ஒண்ணுமில்லீங்க!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், காய்ச்சல் சீசனில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்த ஒற்றைக் கோட்டுக்கு 'ஒண்ணுமில்லை' என்றுதான் அர்த்தமா? அப்பிச்சியின் உடம்பு இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

250 ரூபாய் கிட் வந்த கதை

2021 மே மாதத்தைக் கொங்கு மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். 26-ம் தேதி, தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே முந்தியது. 30-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு வந்து, கவச உடை அணிந்து கொரோனா வார்டுக்குள் போய் நோயாளிகளைப் பார்த்தார். ஆர்.டி.பி.சி.ஆர். ரிசல்ட்டுக்காக மக்கள் நாள்கணக்கில் காத்திருந்த நேரம் அது.

அதே மே 19-ம் தேதிதான், வீட்டிலேயே பரிசோதனை செய்துகொள்வதற்கான வழிகாட்டுதலை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்டது. முதலில் அனுமதி பெற்றது புனேயின் 'மைலேப்' நிறுவனம் தயாரித்த 'கோவிசெல்ஃப்' கிட். அப்போது விலை 250 ரூபாய்.

ஆரம்பத்தில் இதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 2021 முழுவதும் நாடு முழுக்கப் பதிவான வீட்டுப் பரிசோதனைகள் சுமார் 3,000 மட்டுமே. ஒமைக்ரான் பரவிய 2022 ஜனவரியில், 20 நாள்களிலேயே அது சுமார் 2 லட்சம் ஆனது என்றார் அப்போதைய ஐ.சி.எம்.ஆர். தலைவர் பல்ராம் பார்கவா.

சிங்கப்பூரில் அரசே இந்த கிட்டை வீடு தேடி அனுப்பியது. 2021 ஆகஸ்ட் 28 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் 6 கிட்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு 'ஏ.ஆர்.டி.' என்ற சொல் அத்தனை பழக்கம்.

கோடு எப்படி விழுகிறது?

கர்ப்பத்தை உறுதி செய்யும் அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்துவிடும். இரண்டும் ஒரே தத்துவத்தில் வேலை செய்கின்றன.

வைரஸில் உள்ள புரதம் போன்ற பாகங்களைத்தான் ஆன்டிஜென் என்கிறோம். மூக்கிலிருந்து எடுத்த சளியை டியூபில் உள்ள திரவத்தில் கலக்கும்போது அந்தப் புரதம் வெளியே வருகிறது. அட்டையில் சொட்டு விட்டதும் திரவம் பட்டையில் ஊறிக்கொண்டே போகும். வழியில் இருக்கும் நிறத் துகள்கள் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, 'டி' கோட்டில் போய்ச் சேரும். அங்கே நிறம் தெரியும்.

'சி' கோடு வைரஸைப் பற்றி எதுவும் சொல்லாது. திரவம் ஒழுங்காக ஓடியது, அட்டை வேலை செய்தது என்பதற்கான அடையாளம் அது. 'சி' விழாவிட்டால் அந்த டெஸ்ட் செல்லாது. புது கிட்டில்தான் மறுபடி பார்க்க வேண்டும். 'சி'யோடு சேர்த்து 'டி' பக்கம் மிக மெலிதாக, இருக்கிறதா இல்லையா என்ற அளவில் கோடு தெரிந்தாலும் பாசிட்டிவ்தான்.

பாசிட்டிவை நம்பலாம்... நெகட்டிவை?

ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை, மாதிரியில் உள்ள வைரஸின் மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும். கொஞ்சம் இருந்தாலும் பிடித்துவிடும். வீட்டு கிட் எதையும் பெருக்குவதில்லை. சளியில் போதுமான அளவு வைரஸ் இருந்தால்தான் 'டி' கோடு விழும். காய்ச்சல் ஆரம்பித்த முதல் நாளில் அந்த அளவுக்கு வைரஸ் சேராமல் இருக்கலாம்.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 'காக்ரேன்' அமைப்பு 2022-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அறிகுறிகளோடு கொரோனா இருந்த 100 பேரில் சுமார் 73 பேரை இந்த ஆன்டிஜென் டெஸ்ட்கள் சரியாகக் கண்டுபிடித்தன. அறிகுறி இல்லாதவர்களில் 100-க்கு சுமார் 55 பேரைத்தான். தொற்று இல்லாதவருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டுவது மட்டும் மிக அரிது.

ஐ.சி.எம்.ஆர். சொன்னதும் இதையொட்டித்தான். வீட்டு டெஸ்ட்டில் பாசிட்டிவ் வந்தால் அது பாசிட்டிவ், இன்னொரு டெஸ்ட் தேவையில்லை. அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால், ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும். அந்த ரிசல்ட் வரும்வரை தொற்று இருப்பதாகவே வைத்துத் தனியாக இருக்க வேண்டும். அறிகுறியும் இல்லை, நோயாளியோடு தொடர்பும் இல்லை என்றால், சும்மா டெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022 ஆகஸ்டில் இன்னொன்றையும் சொன்னது. அறிகுறி இருந்து முதல் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால், 48 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். அறிகுறி இல்லாதவர்கள், 48 மணி நேர இடைவெளியில் மூன்று முறை எடுக்க வேண்டும்.

செய்யும்போது கவனிக்க...

* பெரும்பாலான கிட்களை 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரைதான் வைக்கலாம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் மறந்து வைத்துவிட்ட கிட்டை நம்பக் கூடாது. ஃபிரிட்ஜில் இருந்தால் எடுத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

* காலாவதி தேதியைப் பார்ப்பது முதல் வேலை. அட்டையின் உறையை டெஸ்ட் எடுக்கும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும்.

* மூக்கைச் சிந்திவிட்டு, கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். ஒரே குச்சியால் இரண்டு மூக்குத் துவாரங்களிலும் எடுக்க வேண்டும். எவ்வளவு உள்ளே விடுவது, எத்தனை சுற்று, எத்தனை சொட்டு என்பதெல்லாம் கிட்டுக்குக் கிட்டு மாறும். உள்ளே இருக்கும் காகிதத்தைப் படிக்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

* மொபைலில் டைமர் வைத்துக்கொள்வது நல்லது. கோவிசெல்ஃப் கிட்டில் 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். 20 நிமிடத்துக்குப் பிறகு தெரியும் கோடு கணக்கில் வராது. ராத்திரி எடுத்த அட்டையைக் காலையில் பார்த்துவிட்டுப் பதறவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

* டியூபில் உள்ள திரவத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கண் சொட்டு மருந்து என்று நினைத்துக் கண்ணில் விட்டுக்கொண்டவர்களும் உண்டு என எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

* பயன்படுத்திய குச்சி, டியூப், அட்டை மூன்றையும் பையில் போட்டு இறுகக் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கொரோனா இல்லை... அப்போ வேறென்ன?

கொரோனா கிட் கொரோனாவை மட்டும்தான் தேடும். 2023 மார்ச்சில் எச்3என்2 இன்ஃப்ளூயன்சா பரவியபோது, தமிழக அரசு மார்ச் 10-ம் தேதி 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் எச்.எம்.பி.வி. தொற்று கண்டறியப்பட்டது. இவை எதுவும் கொரோனா அட்டையில் தெரியாது. கொரோனாவையும் இன்ஃப்ளூயன்சாவையும் ஒரே அட்டையில் பார்க்கும் கூட்டு கிட்கள், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சாதாரணமாகக் கடையில் கிடைக்கின்றன. எந்த கிட்டாக இருந்தாலும், அது எந்தெந்த வைரஸைக் கண்டுபிடிக்கும் என்று பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும்.

டெங்குவும் முதலில் வெறும் காய்ச்சலாகத்தான் தொடங்கும். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆகவே, மூக்கு டெஸ்ட் நெகட்டிவ் என்று மூன்று நாள் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள டாக்டரிடமோ போய்விட வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழ் என்று இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்கிப் போடுவதும் வேண்டாம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. சளி, இருமல், காய்ச்சல் என்றதும் அசித்ரோமைசின், அமாக்ஸிகிளாவ் போன்றவற்றை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி, இந்திய மருத்துவ சங்கமே 2023 மார்ச்சில் அறிவுறுத்தியது.

நோம்பிக்குப் போகலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை எளிது. முதல் டெஸ்ட் வெள்ளி இரவு. 48 மணி நேரம் கழித்து என்றால், அடுத்த டெஸ்ட் ஞாயிறு இரவுதான். நோம்பிச் சாப்பாடு ஞாயிறு மத்தியானம். இரண்டாவது டெஸ்ட் வரும் முன்பே அப்பிச்சிக்குப் பக்கத்தில் பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது டெஸ்ட்டும் நெகட்டிவ் என்றே வந்தாலும், உடம்பில் இருப்பது ஃப்ளூவாக இருக்கலாம். 78 வயதில், வீசிங் உள்ள ஒருவருக்கு அதுவும் ஆபத்துதான்.

அதனால், அந்தப் பெண் இந்த முறை உடுமலை வீட்டிலேயே தனி அறையில் இருப்பதுதான் சரி. ஜன்னலைத் திறந்து வைத்து, அறையை விட்டு வெளியே வரும்போது மாஸ்க் போட்டுக்கொண்டால் அம்மாவுக்கும் பாதுகாப்பு. இரண்டு நாள் அவளோடு இருந்த அம்மாவும், அப்பிச்சியிடம் கொஞ்சம் தள்ளி நின்று மாஸ்க்கோடு பேசுவது நல்லது.

அமுச்சிக்கு மனசு கேட்காதுதான். "வெறும் சளிக்கா வராம இருப்பே?" என்று கோபித்துக்கொள்ளலாம். வீடியோ காலில் அப்பிச்சியிடம் கொடுத்துப் பேசச் சொன்னால் சமாதானம் ஆகிவிடுவார். சாயங்காலம் தூக்குப்போசியில் நோம்பிச் சோறு வந்து சேரும்.