எட்டு இலைக்குச் சோறு

பசி எல்லா வயதிலும் உண்டு. ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் பையனின் பசி தனி ரகம். அதிலும் ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவன், காலைப் பலகாரத்தைக் கூட ஒதுக்கிவிட்டே புறப்படுகிறான் என்பது நமது அனுபவம்.

சென்ற ஆடியில் நாம் வல்லத்திராக்கோட்டையில் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தோம். ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் பூமி. கடலைக்கும் பலாவுக்கும் பேர்போனது. அவ்வீட்டுப் பையன் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படிக்கிறான். தீரர் சத்தியமூர்த்தி படித்த கல்லூரியாயிற்றே என்று நாம் பெருமையாகச் சொன்னதற்கு, "அவருக்கும் இந்நேரம் இப்படித்தான் பசித்திருக்கும்" என்று பதில் சொன்னவன் அவன்.

சனிக்கிழமை இரவு அவன் ஒரு செய்தி சொன்னான். மறுநாள் மதியம் நண்பர்கள் ஏழு பேர் வருகிறார்கள். அவன் தாயாரின் முகம் வாடியது. கூலி வேலையில் ஓடும் குடும்பம். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய் 1,000 ரூபாய் கைமாற்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். கறி எடுக்க வேண்டுமாம்.

பையனின் அப்பத்தா பாக்கு இடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏத்தா, கறி கிலோ என்ன விலை?"

"800 ரூபாய்க்குக் குறைவில்லை, அத்தை."

"ஒரு கிலோ எட்டுப் பேருக்கு எத்தனை துண்டு வரும்? நாலு துண்டு தின்றதும் பையன் உன் கரண்டியைப் பார்ப்பான். நீ சட்டியைப் பார்ப்பாய். அந்த விருந்து எதற்கு?"

விருந்தில் அவமானம் மலிவான பண்டத்தால் வருவதில்லை, போதாத பண்டத்தால்தான் வருகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக நாம் கேட்டதில்லை. பொறுப்பு முழுவதையும் கிழவியே ஏற்றுக்கொண்டாள். நமது சகோதரிகளுக்கு உதவும் என்பதால் அவள் செய்ததைச் சற்று விவரமாகவே சொல்லுகிறோம்.

அரிசி, நியாய விலைக் கடைப் புழுங்கல். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் இது விலையில்லாமல் கிடைப்பது. ஆளுக்கு 200 கிராம் வீதம் 1,600 கிராம் அளந்தாள். வாடை போக நாலு தண்ணீரில் கழுவி, அரை மணி ஊறவைத்தாள். இதற்கு மேல் அரைக் கிலோவைத் தனியே ஊறப்போட்டு மூடி வைத்தாள். ஏன் என்று அப்போது நமக்கு விளங்கவில்லை.

குழம்புக்குத் துவரம்பருப்பு 300 கிராம். அதோடு மணலில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டைகளை எடுத்து, தோல் சீவி, இரண்டாக நறுக்கி வேகவைத்தாள். கத்தரிக்காயும் கொல்லை முருங்கைக்காயும் சேர்ந்தன. புளி கொதித்து அடங்கும் சமயம் வறுத்த நிலக்கடலையை இரண்டு கை அரைத்துக் கரைத்து விட்டாள். குழம்பு கெட்டிப்பட்டது, வாசனை தெருவுக்குப் போயிற்று. கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம். அரிசியில் குறைவாக உள்ள சத்தைப் பருப்பும் பயறும் நிரப்புகின்றன என்பது உணவு நூலோர் முடிவு. வயிறு சீக்கிரம் காலியாகாது என்பது கிழவியின் முடிவு. இரண்டும் ஒன்றுதான்.

முருங்கைக்கீரை வதக்கலில் கடலைப் பொடி தூவினாள். ரசம், அப்பளம், ஒரு லிட்டர் தயிரை மூன்று லிட்டராக்கிய மோர். இவ்வளவுதான். வடித்த கஞ்சியைக் கூட உப்பும் மோரும் கலந்து வைத்தாள். வெயிலில் வந்தவர்கள் அதை டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். முதலில் கஞ்சியால் வயிற்றை அடைத்துவிடும் தந்திரமோ என்று நாம் காதோடு கேட்டோம். "தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது தந்திரமா?" என்று கோபித்துக்கொண்டாள். நமக்கு வேண்டியதுதான்.

எட்டு இலையும் நிறைந்தன. குழம்புச் சாதமே மூன்று முறை கேட்டார்கள். பானையின் அடி தெரிய ஆரம்பித்ததும் தாயார் கதவோரம் நின்று நடுங்கினாள். கிழவி அவளுக்கு அடுப்பைக் காட்டினாள். இரண்டாவது அடுப்பில் உலைநீர் முதலிலிருந்தே தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது! ஊறிய அரைக் கிலோ அதில் விழுந்தது. கீரையையும் அப்பளத்தையும் மறுபடி விசாரித்து, பேச்சுக் கொடுத்து, ரசத்துக்கு மிச்சச் சோற்றைப் பரிமாறினாள். சுமார் 20 நிமிஷத்தில் புதுச் சோறு ஆவி பறக்க வந்தது. மோருக்கு அது சரியாயிருந்தது. இடையில் அடுப்படியில் நடந்த நாடகம் பையன்கள் ஒருவருக்கும் தெரியாது.

தயிருக்கும் அப்பளத்துக்கும் கத்தரிக்காய்க்குமாகக் கையிலிருந்து செலவானது 200 ரூபாயைத் தாண்டவில்லை. பருப்பு, நியாய விலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தது.

புறப்படும்போது ஒரு பையன், அந்தக் குழம்பில் கறியைப் போலக் கிடந்தது என்ன என்று கேட்டான். பலாக்கொட்டை என்றதும் நம்பவில்லை. கிழவி ஒரு பிடி கொட்டையை அவன் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள். முந்தானையில் முடிந்திருந்த 1,000 ரூபாய், விளக்கு வைப்பதற்கு முன் முடிச்சு அவிழாமலே அடுத்த வீட்டுக்குத் திரும்பிற்று.