ஊசியில் நூல் கோர்ப்பது யார்?



உங்கள் வீட்டில் ஊசியில் நூல் கோர்ப்பது யார்? வயது முதிர்ந்த தாயாரா, பள்ளிக்குப் போகும் பேத்தியா? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றுதான். "இதைக் கொஞ்சம் கோர்த்துக் கொடம்மா" என்று பாட்டி கேட்பார்; பேத்தி ஒரு நொடியில் கோர்த்துக் கொடுப்பாள்; எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு அரிசியில் கல் பொறுக்கும் வேலை மெல்ல மருமகளிடம் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடிப்பார். சில மாதங்கள் சென்றால் புத்தகத்தைத் திறக்காமலே மனப்பாடமாகப் பாடுவார். அவருடைய பார்வை குறைந்து வருகிறது என்பதை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி பல ஆண்டுகளாக வடநாட்டு நகரமொன்றில் வசிக்கிறார். ஊரிலுள்ள தாயாருடன் வாரந்தோறும் தொலைபேசியில் பேசுவார். "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க பிள்ளைகளைப் பாருங்க" என்பதே தாயாரின் பதில். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோதுதான் தாயாரின் கைகளில் தீக்காயத் தழும்புகளைக் கண்டார். அடுப்பு எரிகிறதா என்பதைத் தாயார் தொட்டுப் பார்த்தே அறிந்து வந்திருக்கிறார். இரு கண்களிலும் கண்புரை முற்றியிருந்தது. குரலைக் கேட்டுப் பார்வையை அறிய முடியாது அல்லவா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட பார்வை குறித்த அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு வகைப் பார்வைக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் உரிய சிகிச்சை பெறாதது. அந்தப் பெருந்தொகையின் மிகப்பெரிய பகுதி வெள்ளெழுத்தும் கண்புரையுமே. முன்னதற்கு மருந்து ஒரு கண்ணாடி. பின்னதற்கு மருந்து சில நிமிடங்களில் முடியும் ஓர் அறுவைச் சிகிச்சை. மருத்துவ அறிவு கைவசம் இருக்கிறது. அது எல்லாருடைய கைக்கும் எட்டவில்லை என்பதுதான் வேதனை.

முதலில் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதைக் கடந்த ஏறக்குறைய அனைவருக்கும் வெள்ளெழுத்து வரும். இது நோயன்று, வயதின் இயல்பு. ஆனாலும் கூலிக்கு உழைப்பவனுக்கு இது வருமானத்தின் கேள்வி. அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும், நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி வழங்கி, அவர்கள் பறித்த கொழுந்தின் எடையைக் கண்ணாடி பெறாதவர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். கண்ணாடி அணிந்தவர்களின் உற்பத்தி ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இது 2018-இல் வெளியான முடிவு. வங்காளதேச கிராமங்களில் நடந்த மற்றோர் ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. அங்கே கண்ணாடி பெற்ற தையற்காரர், நெசவாளர் முதலானோரின் மாத வருமானம் மூன்றில் ஒரு பங்கு அதிகமாயிற்று. மும்பை, டெல்லி, சூரத், பெங்களூரு நகரங்களின் சந்துகளில் பீஸ் கணக்கில் துணி தைக்கும் நம் சகோதர சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். தையல் கோணிப் போகிறது என்று வேலை குறைக்கப்பட்ட எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடி மட்டுமோ!

இனி கண்புரைக்கு வருவோம். இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே காணப்பட்ட பார்வையிழப்பில் 66 விழுக்காட்டுக்குக் காரணம் கண்புரையே என்று தெரிய வந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அந்த வயதினரில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே பார்வையிழந்தோர் 3.23 விழுக்காடு, பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே 0.43 விழுக்காடு. ஏழு மடங்குக்கும் அதிகமான வேறுபாடு! படிக்காதவர்களில் மிக முதியவர்கள் கூடுதலாக இருப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் கண்புரை படித்தவன், படிக்காதவன் என்று பார்த்து வருவதில்லை. சிகிச்சைதான் அப்படிப் பார்த்துப் போய்ச் சேர்கிறது.

முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. இந்திய அரசு 1976-லேயே தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில், பணி ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கும் அதே தரத்தில் சிகிச்சை அளிக்கலாம் என்பதை அவர் நடத்திக் காட்டினார். முன்பெல்லாம் கண்புரையை அகற்றியபின் சோடாபுட்டிக் கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்ததால் அதன் விலை ஏழைக்கு எட்டாததாயிருந்தது. 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரோலேப் அந்த லென்ஸை இங்கேயே தயாரித்து, விலையைச் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

அப்படியானால் இலவச முகாம் நடத்தினால் மக்கள் வந்துவிடுவார்களா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தார்கள். சிகிச்சை இலவசம், ஆனால் அங்கே போய்ச் சேருவது இலவசமன்று. பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு வரும் மகனோ மருமகளோ ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வீட்டில் சமைக்க வேறு ஆள் வேண்டும். "சாகப்போகிற காலத்தில் எனக்கு எதற்கு ஆபரேஷன்?" என்ற தயக்கத்தையும் தாண்ட வேண்டும். இந்தத் தயக்கம் பெண்களிடமே அதிகம். தன் கண்ணுக்காகப் பிள்ளைகளின் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று நினைப்பவள் தாய். செலவழிக்கலாம் என்று பிள்ளைகள் சொல்லாதவரை அவள் கேட்கவும் மாட்டாள்.

இதைக் கண்டபின்தான் நோயாளியைத் தேடிச் செல்லும் முறை வளர்ந்தது. 1987-இல் ஹைதராபாத்தில் டாக்டர் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் நிறுவிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும், மதுரை அரவிந்தும் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் பார்வை மையங்களைத் திறந்தன. ஏறத்தாழ ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு மையம். அந்த வட்டாரத்து இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று அங்கே கண்களைச் சோதிக்கிறார்கள், கண்ணாடி வழங்குகிறார்கள், தொலைவிலுள்ள மருத்துவரிடம் கணினி வழியே ஆலோசனை பெறுகிறார்கள். அறுவை தேவைப்படுவோரை மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கண் நலம் என்பது பெரிய கட்டடத்தைப் பொறுத்ததன்று, நடந்து போகும் தூரத்தைப் பொறுத்தது என்பதற்கு இது சான்று. ஆனால் இத்தகைய மையங்கள் நாடெங்கும் ஒரே அளவில் இல்லை. கண் மருத்துவர்களில் பெரும்பாலோர் நகரங்களிலேயே இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் பலவற்றில் பத்து லட்சம் பேருக்கு மூன்று கண் மருத்துவர்கள்கூட இல்லை.

பிரியமானவர்களே, பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இதில் இரண்டு பொறுப்புகள் இருக்கின்றன.

ஒன்று, ஊரிலுள்ள பெற்றோர். அவர்களுக்குத் துணையாகச் செல்ல வேண்டிய பிள்ளைகள் நாம்தான். நாமோ ஆயிரம் மைல் தொலைவில் இருக்கிறோம். ஆகவே அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது கோயில், கல்யாணம், உறவினர் வீடு என்று நாட்களைப் பங்கிடுமுன் ஒரு நாளைக் கண் பரிசோதனைக்கு ஒதுக்குங்கள். போக இயலாவிடில், அழைத்துச் செல்லும் உறவினருக்கோ அயலாருக்கோ அன்றைய கூலியையும் ஆட்டோ கட்டணத்தையும் அனுப்புங்கள். பல தாய்மாருக்குக் குறைவாயிருப்பது அந்தச் சிறு தொகையே.

இரண்டு, நம்முடன் நகரத்தில் வாழ்பவர்கள். மொழி தெரியாததாலும், கையிலுள்ள அட்டையில் ஊர் முகவரி இருப்பதாலும் மருத்துவமனைக்குச் செல்லவே பலர் தயங்குகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டையைத் திட்டத்தில் சேர்ந்த பிற மாநில மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். 2024 அக்டோபர் முதல், 70 வயது நிரம்பியோர் வருமான வரம்பின்றி அதில் சேரலாம். செல்லுமுன் அந்த மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மொழி தெரிந்த ஒருவர் உடன் சென்றால் பாதி பயம் நீங்கிவிடும். சபை மண்டபத்தை ஒரு நாள் கண் பரிசோதனைக்குத் திறந்துவிட முடியுமா என்றும் பெரியவர்களோடு கலந்து பேசுங்கள்.

சில எச்சரிக்கைகளையும் மனதில் வையுங்கள். கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் அதுவே கண்ணீர் அழுத்த நோயையும் கண்புரையையும் உண்டாக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகள், பார்வை தெளிவாயிருந்தாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குக் கண்ணீர் அழுத்த நோய் இருந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொள்வது அவசியம். அது வலியின்றி வரும். இழந்த பார்வை திரும்பாது. தொலைக்காட்சிக்கு மிக அருகில் உட்காரும் குழந்தையைத் திட்டுமுன் அதன் கண்ணைச் சோதியுங்கள்.

அந்தச் சகோதரியின் தாயாருக்கு முதலில் ஒரு கண்ணிலும், சில வாரங்களில் மறு கண்ணிலும் அறுவை நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று அவர் முதலில் பார்த்தது மகளின் முகத்தை. "என்னடி, இவ்வளவு நரைச்சுப் போச்சு!" என்றாராம். தாயும் மகளும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

இன்று மாலை உங்கள் தாயாரிடமோ, மாமியாரிடமோ, அடுத்த வீட்டுப் பாட்டியிடமோ ஓர் ஊசியையும் நூலையும் கொடுத்துப் பாருங்கள். அவர் சிரித்துக்கொண்டே அதைப் பேத்தியிடம் நீட்டினால் நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். எந்த நாளில் கண் மருத்துவரிடம் போவது என்று அப்போதே நாள் குறியுங்கள்.