சம்பள நாள் இரவும் மறுநாள் வகுப்பறையும்



10ஆம் திகதி சம்பளம். 11ஆம் திகதி காலையில் இடாப்பைக் கூப்பிடும்போது என் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். வந்தவர்களிலும் சிலர் மேசையில் தலைவைத்துத் தூங்குவார்கள். நான் காரணம் கேட்பதில்லை. நானும் லயத்தில் வளர்ந்தவள். ஒரு காம்பராவில் அடிதடி என்றால் அந்த லயத்துக்கே தூக்கமில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி, 2021இல் பெற்றோம். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, நிறுவையில் கிலோ கழிபட்டு ஒரு பெண் போடும் அந்த ஒரு நாள் பேரில் பெரும்பகுதியை ஒரு கால் போத்தல் சாராயம் விழுங்கிவிடுகிறது. துரைமாரிடம் போராடி வாங்கியதைச் சாராயக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், நாம் வென்றது யாருக்காக?

தோட்டத்தான் என்றாலே குடிகாரன் என்று வெளியார் பேசுவதை நாம் ஏற்கமாட்டோம். குடி நம் பிறவிக் குணமல்ல. கடையைத் திறப்பவர்களும் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் சபை முதல்வர் பாராளுமன்றத்தில் வெளியிட்ட பட்டியலின்படி, அந்த வருடம் மத்திய மாகாணத்துக்கு மட்டும் 45 மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அதே வருடத்தில் உங்கள் தோட்டத்துக்கு ஒரு வாசிகசாலையாவது வந்ததா?

கடைச் சாராயத்தின் விலை ஏற ஏற, கசிப்பு லயத்துக்குள் வருகிறது. அதில் என்ன கலக்கிறார்கள் என்று காய்ச்சுபவனுக்கே நிச்சயமில்லை. கண்ணும் போகலாம், உயிரும் போகலாம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவோ சிகரட்டோ விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் பையன்களின் சட்டைப்பையில் இப்போது மாவா பக்கெட்டும் இருக்கிறது. கஞ்சா, ஐஸ் என்ற பெயர்களும் அவர்களுக்குப் புதிதல்ல.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தேர்தலுக்கும் மேதினத்துக்கும் ஆள் சேர்க்கப் போத்தல் கொடுக்கும் பழக்கம் தொழிற்சங்கங்களிடம் உண்டு. மேதின பஸ்ஸில் பெட்டி ஏறியதைப் பார்த்தும் ஒரு வருடம் நானும் வாய்திறக்கவில்லை. அது தப்பு. போத்தலுக்கு வந்த கூட்டம், துரை ஒரு போத்தல் கூடக் கொடுத்தால் அந்தப் பக்கம் போய்விடும்.

ஆகவே கமிட்டித் தலைவர்களிடமும் மாதர் தலைவிகளிடமும் கேட்பது இதுதான். சங்க வேலை எதற்கும் போத்தல் வாங்குவதில்லை என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கள். குடித்துவிட்டு மனைவியை அடிப்பதைக் குடும்பச் சண்டை என்று ஒதுக்காமல், மாதர் தலைவி கொண்டுவரும் முறைப்பாட்டைச் சம்பளப் பிரச்சினைபோல் விசாரியுங்கள். கசிப்பு காய்ச்சும் இடம் தெரிந்தால் மதுவரித் திணைக்களத்துக்கு 1913இல் சொல்லுங்கள். விட நினைப்பவர், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927இல் ஆலோசனை கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல வருடமாகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அவரைத் திட்டி அறையில் பூட்டாமல் அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். அவர் நோயாளி, நம் தோழர்.

அடுத்த 11ஆம் திகதியும் நான் இடாப்பைக் கூப்பிடுவேன். அன்று எத்தனை பிள்ளைகள் "வந்தேன் டீச்சர்" என்று சொல்கிறார்கள் என்பதுதான் நம் சங்கத்தின் கணக்கு.