பெண்ணுக்கு எதற்குப் பௌதிகம்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் நம் ராயபுரத்து வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி எழுகிறது. "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பிசிக்ஸ்? சுலபமான குரூப்பாகப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டுமே!" பெற்றோர் மட்டும் அன்று, மாணவியரும் இதையே சொல்கின்றனர். காரணம் கேட்டால், "புரியவில்லை, மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறது" என்கின்றனர்.

புரியாததை மனப்பாடம் செய்தால் மறப்பது இயல்புதானே! பாட்டிமார் காலத்தில் பௌதிகம் என்றும், இன்று இயற்பியல் என்றும் வழங்கும் இப்பாடம் கடினமானது என்று நான் கருதவில்லை. இதில் வரும் வேலை, விசை, வெப்பம், ஆற்றல் என்னும் சொற்கள் யாவும் நாம் அன்றாடம் பேசும் சொற்களே. ஆனால் இயற்பியல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு பொருளைக் கண்டிப்பாக வைத்திருக்கிறது. ஊர்ப் பேச்சின் பொருளுக்கும் பாடநூலின் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் குழப்பம் பிறக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாடம் தானே விளங்கும். அப்படிப் பார்ப்பதற்கு நம் பனியன் நகரைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்?

வேலை எது?

பதினைந்து லிட்டர் தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார் ஒரு தாய். இயற்பியல் கணக்கில் குடத்தின் மீது அவர் செய்த வேலை பூஜ்யம்! இதை வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

விசை செயற்பட்டு, அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் இயற்பியலில் அது வேலை. அதே குடத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஏறத்தாழ 147 ஜூல் வேலை நடக்கிறது. நிற்கும்போது குடம் நகரவில்லை. ஆகவே அதன் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. அப்படியானால் அந்தத் தாய்க்கு ஏன் களைப்பு? அவருடைய தசைநார்கள் ஓயாமல் சுருங்கிச் சுருங்கியே குடத்தைத் தாங்குகின்றன. அதற்கு உடல் ஆற்றலைச் செலவிடுகிறது. அது வெப்பமாக மாறுகிறது. இயற்பியல் அவர் உழைப்பை மறுக்கவில்லை. குடத்துக்கு ஒரு கணக்கு, உடலுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியே எழுதுகிறது, அவ்வளவுதான்.

எலாஸ்டிக் எது?

கம்பெனியில் 'எலாஸ்டிக்' என்றால் இழுத்தால் நீளும் இடுப்புப் பட்டை. பாடநூலோ, ரப்பரைவிட எஃகுக்கே மீள்தன்மை அதிகம் என்கிறது. இதைப் படித்துத் திகைக்காத மாணவி இல்லை. எளிதில் நீள்வது ஒன்று. உருமாற்றத்தை எதிர்த்து நின்று பழைய நிலைக்குத் திரும்புவது வேறொன்று. ஒரே நீளமும் ஒரே பருமனும் உள்ள எஃகுக் கம்பியையும் ரப்பர் இழையையும் ஒரே அளவு நீட்ட வேண்டுமானால் எஃகுக்குப் பன்மடங்கு விசை தேவைப்படும். யங் குணகம் என்பது இந்த எதிர்ப்பின் அளவே.

அப்படியானால் பனியன் துணி ஏன் நீள்கிறது? ஒரு பருத்தி நூலை இழுத்துப் பாருங்கள். மிகக் கொஞ்சமே நீளும். துணியை உற்றுப் பாருங்கள். நிட்டிங் மிஷின் அந்நூலை வளையம் வளையமாகக் கோத்திருக்கிறது. இழுக்கும்போது அவ்வளையங்கள் வடிவம் மாறி நீண்டு ஒடுங்குகின்றன, விட்டால் திரும்புகின்றன. நீட்சி நூலில் இல்லை, வளையத்தில் இருக்கிறது. நெய்த வேட்டி பனியனைப் போல் நீளாததன் காரணமும் இதுவே.

நீரை வெளியே தள்ளுவது யார்?

சாயமேற்றிய ஈரத்துணியைத் துளைகள் உள்ள தொட்டியில் இட்டு வேகமாகச் சுழற்றுவார்கள். வீட்டு வாஷிங் மெஷினின் டிரையரும் இதே வகைதான். "மையவிலக்கு விசை நீரை வெளியே தள்ளுகிறது" என்று எல்லோரும் எழுதிவிடுகிறோம். வெளியே நின்று பார்ப்பவருக்கு அப்படித் தள்ளுவது எதுவும் தெரியாது. இயங்கும் பொருள் நேர்கோட்டிலேயே செல்ல விரும்பும்; அதுவே நிலைமம். துணியைத் தொட்டியின் சுவர் உள்நோக்கித் தள்ளி வட்டப் பாதையில் வைத்திருக்கிறது. துளைக்கு எதிரே வந்த நீரைத் தள்ள அங்கே சுவர் இல்லை. ஆகவே அது தன் போக்கில், வட்டத்தின் தொடுகோட்டில், வெளியேறிவிடுகிறது. பஸ் வளைவில் திரும்பும்போது நாம் ஒரு பக்கம் சாய்வதும் இதே நிலைமத்தால்தான்.

வெப்பமும் வெப்பநிலையும்

"இன்று வெப்பம் அதிகம்" என்று பேசுகிறோம். நாம் குறிப்பது வெப்பநிலையை. ஒரு தம்ளர் கொதிநீருக்கும் ஒரு அண்டா கொதிநீருக்கும் வெப்பநிலை ஒன்றே. ஆனால் அண்டாவைக் கொதிக்கவைக்க எத்தனை மடங்கு விறகு வேண்டும்! அந்த வேறுபாடு வெப்பத்தினுடையது.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற 70 கலோரி போதும். அதே 100 டிகிரியில் அந்நீரை ஆவியாக்க மேலும் சுமார் 540 கலோரி வேண்டும். வெப்பமானி இம்மியும் ஏறாது. வெப்பம் மட்டும் உள்ளே சென்று ஒளிந்துகொள்ளும். இதுவே உள்ளுறை வெப்பம். நீராவி கையில் பட்டு நீராகும்போது ஒளித்துவைத்த 540 கலோரியையும் கையில் கொட்டிவிடுகிறது. ஆகவேதான் கொதிநீர்க் காயத்தைவிட ஆவிக் காயம் கொடியது. இட்லிப் பானையின் மூடியை முகத்துக்கு அப்பால் திறக்க வேண்டும் என்பதும், ஆவி அயர்ன் பெட்டியிடம் எச்சரிக்கை வேண்டும் என்பதும் இதனால்தான். தேர்வுக்காக மட்டுமே இதைப் படித்த பெண்ணுக்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கும். புரிந்து படித்த பெண் தன் கையையும் காத்துக்கொள்வாள்.

நம் நொய்யலின் கதையும் இதனுள் அடங்கியிருக்கிறது. சாயக்கழிவு ஆற்றில் கலப்பதைத் தடுக்க 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வேலையின்றித் தவித்த அந்நாட்கள் பெற்றோர் பலருக்கும் நினைவிருக்கும். அதன்பின், கழிவுநீரைச் சிறிதும் வெளியேவிடாத முறை கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வு வழியே நீரைச் செலுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். இங்கேதான் அந்த 540 வந்து நிற்கிறது! ஒவ்வொரு லிட்டருக்கும் அவ்வளவு வெப்பம் வேண்டுமென்றால் செலவு எங்கே போய் முடியும்? அதற்கும் இயற்பியலே வழி சொன்னது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஆகவே முதற்கலத்தில் எழுந்த ஆவியைக் கொண்டே அழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கிறார்கள். ஒரே வெப்பம் திரும்பத் திரும்ப உழைக்கிறது. ஆறும் வாழ வேண்டும், தொழிலும் வாழ வேண்டும் என்றால், இச்செலவை இன்னும் குறைக்கும் வழியைக் காண ஒருவர் வர வேண்டும். அவர் ஏன் இவ்வூர்ப் பெண்ணாக இருக்கக் கூடாது?

வைரத்தோடு வேண்டாமென்ற சிறுமி

பெண்ணால் முடியுமா என்று ஐயுறுவோர் அன்னா மணியின் வரலாற்றை அறிய வேண்டும். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாம் பிறந்தநாளுக்குப் பெற்றோர் வைரத்தோடு பரிசளிக்க வந்தபோது, அது வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-இல் உதவித்தொகையுடன் பெங்களூர் சென்று, சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். காதில் அணிய மறுத்த கல்லைக் கருவியின் முன் வைத்துப் பார்த்தார்! முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. லண்டனில் வானிலைக் கருவியியல் கற்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அயல்நாட்டிலிருந்து வாங்கிவந்த கருவிகளை இங்கேயே செய்ய வழிவகுத்தார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்ற பின்னும் உழைத்து, 1980-இல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு அளவுகளையும், 1983-இல் காற்றாற்றல் அளவுகளையும் நூலாகத் தந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கங்களில் சுழலும் காற்றாலைகளைப் பாருங்கள். காற்றை நம்பி முதல் போடும் எவருக்கும் முதலில் வேண்டுவது அத்தகைய அளவுகளே.

மூன்று வேண்டுகோள்

மாணவியரே, வரையறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரையறைக்கும் பக்கத்தில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ கண்ட ஓர் உதாரணத்தை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள், கூசாமல் கேளுங்கள்.

அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே, பாடம் தொடங்குமுன் "உங்கள் ஊர்ப் பேச்சில் இச்சொல்லுக்கு என்ன பொருள்?" என்று வகுப்பைக் கேளுங்கள். தவறான விடைகளே நல்ல பாடத்தின் தொடக்கம்.

பெற்றோர்களே, வணிகவியலும் நல்ல படிப்பே. விருப்பத்தோடு அதை எடுக்கும் பெண்ணை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், "நீ பெண்" என்ற ஒரே காரணத்துக்காக இயற்பியலின் கதவைச் சாத்திவிடாதீர்கள். வாசிப்பதற்கு உங்கள் மகள் ஒரு புத்தகம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். தோடு பிறகு வாங்கலாம்.